கல்லில் யார் பெயர்? நினைவுத் தூண் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நினைவுத் தூண் அமைப்புக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

திங்கட்கிழமை சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரும் பஸ் நிலையத்து வேப்பமரத்தில் நீங்கள் கட்டியிருக்கும் பேனரைப் படித்திருப்பார்கள். ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்படும் தூணில் "வீர விருது பெற்ற நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர்களின் பெயர்கள் மட்டும்" பொறிக்கப்படும் என்று அதில் இருக்கிறது. கீழே இரண்டு பெயர்கள். அந்த இருவரோடும் நான் பழகியவன். தங்கள் மார்பில் குத்தியிருக்கும் பதக்கத்துக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள். அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். எனக்குப் பொறுக்காதது "மட்டும்" என்ற அந்த ஒரு சொல்.

மறுநாள் காலையில் கிழக்குத் தோட்டத்து ஆத்தா ஒரு மஞ்சள் பையோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். 1996-ல் காஷ்மீரில் இறந்த தன் மகனின் பதக்கங்களை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மேசைமேல் அவிழ்த்து வைத்தார். சைன்ய சேவா பதக்கம், சியாச்சின் பனிமலைப் பதக்கம், ஒன்பது ஆண்டுச் சேவைப் பதக்கம். உங்களில் ஒருவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவையெல்லாம் போனவர்கள் எல்லோருக்கும் கொடுப்பவை ஆத்தா. வீர விருதுக்கான தாள் இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, உண்மை. ஆனாலும் அந்த அம்மா ஒன்றும் பேசாமல் துணியை மறுபடியும் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு மைல் நடந்து தோட்டத்துக்குத் திரும்பினார். நான் அப்போது வாசலில் நின்றிருந்தேன். உள்ளே வந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இந்த மடலை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

"எல்லோருக்கும் கொடுப்பவை" என்றீர்களே, அதில் ஒன்று சியாச்சின் பதக்கம். 2016 பிப்ரவரியில் அங்கே 19,600 அடி உயரத்தில் சோனம் என்ற சாவடி பனிச்சரிவில் புதைந்தது. மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கே எதிரி சுட வேண்டியதில்லை, மூச்சு விடுவதே போர். அந்த இடத்தில் நின்றுவிட்டு வந்தவனுடைய பதக்கம் அது.

நான் யார் என்று உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1984-ல் கோவையில் ஆள்சேர்ப்பு வரிசையில் நின்று பட்டாளத்தில் சேர்ந்தேன். எழுத்தர் பிரிவு. 24 ஆண்டுச் சேவையில் பெரும்பகுதி பட்டாலியன் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் கழிந்தது. வீர விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும்போது அவர் செய்ததை விவரித்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். சைட்டேஷன் என்போம். அப்படிப்பட்ட குறிப்புகளைப் பல ஆண்டுகள் என் விரல்கள்தான் அடித்தன. ஆகவே பதக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

எந்தச் சிப்பாயும் தனக்குப் பதக்கம் வேண்டும் என்று விண்ணப்பிக்க முடியாது. அவன் செய்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் உயிரோடு இருக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டு எழுத அவன் அதிகாரி அருகில் இருக்க வேண்டும். எழுதிய குறிப்பு பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறி ராணுவத் தலைமையகம் போய், பாதுகாப்பு அமைச்சகத்தைக் கடந்து, கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதை ஒருவர் தராசில் வைப்பார். போர்க்கள வீரத்துக்கு மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா கேட்டுப் போனது இரண்டு படி கீழே உள்ள வீர் சக்ராவாகத் திரும்பலாம். வீர் சக்ரா கேட்டுப் போனது அதற்கும் கீழான சேனா பதக்கமாகலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும், பட்டியல் வெளியாகும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் வீரர்கள் என்பதை நான் கோயிலில் சத்தியம் செய்வேன். நான் அடித்த குறிப்பு எதிலும் பொய் இருந்ததில்லை. ஆனால் என் மேசைக்கு வராமலே போன குறிப்புகள் உண்டு. மொழியும் ஒரு காரணம்: நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்த கம்பெனி அதிகாரியின் ஆட்களுக்குக் கிடைத்தது, எழுதச் சோம்பும் அதிகாரியின் ஆட்களுக்குக் கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆத்தாவின் மகனுக்கு வருகிறேன்.

அவன் நாயக். வயர்லெஸ் செட் சுமப்பவன். 27 வயது. குப்வாரா மாவட்டத்துத் தேவதாருக் காட்டில் ஓர் இரவு ரோந்து போன குழு ஓர் ஓடையைக் கடக்கும்போது மேட்டிலிருந்து சுடப்பட்டது. முதல் நிமிடத்திலேயே தலைமை ஏற்றுப் போன அதிகாரி காயமடைந்தார்; மூவர் ஓடைக்குள் விழுந்தார்கள். இவன், குழு இருக்கும் இடத்தை வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு, செட்டைப் பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஊர்ந்து போய் ஹவில்தாரை இழுத்து வந்தான். திரும்பப் போய் இன்னொரு சிப்பாயை இழுத்து வந்தான். மூன்றாம் முறை, தேனிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்காகப் போனான். வரும் வழியில் இவன் மேல் குண்டு பட்டது. பட்ட பிறகும் அந்தப் பையனைப் பாறை மறைவு வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் சாய்ந்தான். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

இதை யார் பார்த்தார்கள்? ஹவில்தார் மருத்துவமனையில் நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் இறந்தார். இரண்டாவது சிப்பாயும் இறந்தான். அதிகாரியை அன்றிரவே ஹெலிகாப்டரில் கொண்டுபோய்விட்டார்கள். மற்றவர்களுக்கு இருட்டில் துப்பாக்கியின் தீப்பொறிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முதுகில் குண்டோடு தேனிப் பையன் மருத்துவமனை மருத்துவமனையாக ஏழு மாதம் கிடந்தான். ஆகவே நான் அன்று அடித்த அறிக்கையில் ஆத்தாவின் மகனைப் பற்றி இரண்டே வரிகள் இருந்தன. மோதலில் உயிர்நீத்தார் என்று ஒரு வரி, உடல் எங்கே அனுப்பப்பட்டது என்று ஒரு வரி.

அடுத்த மே மாதம் அந்தப் பையன் திரும்பி வந்தான். கம்பு ஊன்றி நேராக என் மேசைக்கு வந்து, "அண்ணா, என்னை இழுத்துப் போட்டவருக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டான். அவனை உட்காரவைத்து மூன்று முறை சொல்லச் சொன்னேன். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் சொன்னான். தமிழில் எழுதிக்கொண்டேன். புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர் இரவு உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். மேலே அனுப்பினோம். அந்தக் காலத்துக்கான பட்டியல் முடிந்துவிட்டது, சாட்சியும் ஒருவர்தான், ஆகவே பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது. பதில் எழுதியவரை நான் குறைகூற மாட்டேன். விதி அவர் கையைக் கட்டியிருந்தது. ஆனால் உங்கள் கையை எந்த விதி கட்டியிருக்கிறது?

நீங்கள் "தாள்" கேட்டீர்கள். தாள் எவ்வளவு தடுமாறும் என்பதற்கு இந்த நாட்டின் மிகப் பெரிய விருதுகளே சாட்சி. 1962 சீனப் போரில் லடாக்கின் பாங்கோங் ஏரிக்கரையில் போரிட்ட மேஜர் தன்சிங் தாபா இறந்துவிட்டார் என்று அறிவித்துப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் சீனர்களிடம் சிறைப்பட்டு உயிரோடு இருந்தார். கார்கிலில் யோகேந்திர சிங் யாதவுக்கும் மறைவுக்குப் பின் என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது; பல குண்டுகளைத் தாங்கிய அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். அதே 1962 நவம்பர் 18-ல் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் குமாவோன் ரெஜிமென்ட்டின் 120 பேரில் 114 பேர் மடிந்தார்கள். உயிர் தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவே இல்லை. அடுத்த பிப்ரவரியில் மேலே போனபோது, துப்பாக்கியைப் பிடித்த கை பிடித்தபடியே உறைந்து கிடந்தவர்களைக் கண்ட பிறகுதான் நம்பினார்கள். பனி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

விமானப் படையில் அஜ்ஜமட போப்பய்யா தேவய்யா என்று ஒருவர். குடகு நாட்டுக்காரர். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தின் மீது நடந்த தாக்குதலில், தன் பழைய மிஸ்டியர் விமானத்தைக் கொண்டு தன்னுடையதைவிட எவ்வளவோ வேகமான ஸ்டார்ஃபைட்டர் என்ற எதிரிப் போர் விமானத்தை வீழ்த்தினார். அவர் திரும்பவில்லை. நம் தரப்பில் யாரும் பார்க்கவில்லை. எதிரி நாட்டுப் பக்கத்திலிருந்து செய்தி சேகரித்து ஒரு வெளிநாட்டு எழுத்தாளர் நூல் எழுதிய பிறகே உண்மை தெரியவந்தது. 1988-ல், 23 ஆண்டுகள் கழித்து, அவர் மனைவியின் கையில், பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த படியான மகாவீர் சக்ராவைக் கொடுத்தார்கள். 1987-ல் நீங்கள் குடகில் ஒரு தூண் நட்டிருந்தால், உங்கள் விதிப்படி அதில் தேவய்யாவின் பெயர் இருந்திருக்காது.

விதியே வீரத்துக்குக் கதவடைத்த காலமும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 1856-ல் தொடங்கப்பட்டது. 1911 வரை இந்தியச் சிப்பாய் எவனுக்கும் அது கிடையாது. அந்த 55 ஆண்டுகள் நம் ஆட்கள் கோழைகளாகவா இருந்தார்கள்?

லடாக்கில் சீனப் படையோடு மோதல் நடந்த கல்வான் பள்ளத்தாக்கையும் நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 15 இரவு அங்கே மாண்ட நம் வீரர்கள் 20 பேர். கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ரா. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட நால்வருக்கு மறைவுக்குப் பின் வீர் சக்ரா. மற்ற பதினைந்து பேரும் அதே இருட்டில், அதே குளிரில், அதே ஆற்றங்கரையில்தான் நின்றார்கள். அவர்களில் ஒருவன் நம் ஊர்க்காரனாக இருந்திருந்தால், சக்ரா இல்லை என்று சொல்லி அவன் பெயரை விட்டுவிடுவீர்களா? செய்தித்தாளில் படம் வந்ததால் விடமாட்டீர்கள். 1996-ல் குப்வாராவில் படம் எடுக்க யாரும் வரவில்லை.

இன்னொரு பெயரைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்திய அமைதிப் படையோடு போய் 1988-ல் இலங்கையில் கண்ணிவெடியில் இறந்த நம் ஊர் ஓட்டுநர். அரிசி மூட்டை ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர். "அது நம் இனத்துக்கு எதிராக நடந்த போர், அந்தப் பெயரைப் போட்டால் சங்கடம்" என்று குழுவில் ஒருவர் சொன்னதாக அறிகிறேன். நானும் அங்கே இருந்தேன். என் தாய்மொழியிலேயே என்னைச் சபித்த கிழவியின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அந்தச் சங்கடம் உங்களுக்கு வருவதற்கு முன்பே எங்களுக்கு வந்துவிட்டது. படையை அனுப்பிய முடிவு சரியா தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள், நானும் வாதாட வருகிறேன். ஆனால் போரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்த ஓட்டுநருக்கும் இல்லை. அதே போரில் 1987 நவம்பர் 25 அன்று வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுக்கப்பட்டது. அவர் நம் ஊரில் பிறந்திருந்தால் தூணின் உச்சியில் அவர் பெயர் இருக்கும். அப்படியென்றால் சங்கடம் போரைப் பற்றியது அல்லவே. பதக்கம் இல்லாத ஏழை என்பதைப் பற்றியதாகிவிடுகிறது.

என் நோட்டில் கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி இன்று வரை நம் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் 37 பேர். திரும்பாதவர்கள் நால்வர். 1944-ல் பர்மாவில் ஒருவர், 1971-ல் ஒருவர், இலங்கையில் ஒருவர், காஷ்மீரில் ஒருவர். நால்வரில் ஒருவர்கூட உங்கள் பேனரில் இல்லை. பர்மாவில் இறந்தவருக்குக் கல்லறை கிடையாது. ஆனால் ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில் கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அவர் பெயர் அங்கே இருக்கிறது. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் உயிர்நீத்தவர்களின் பெயர்களைத் தனித்தனிக் கற்பலகைகளில் பொறித்திருக்கிறார்கள். திறக்கும்போதே 25,942 பெயர்கள். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேருக்கும் அங்கே தனியாக மார்பளவுச் சிலைகள் உண்டு. ஆனால் அதைக் காட்டி மற்றவர்களின் பெயரை யாரும் நீக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே போய் ஆத்தாவின் மகன் பெயரை விரலால் தொட்டுவிட்டு வந்தேன். தில்லியில் இருக்கிறது. பர்மாவில் இருக்கிறது. நம் ஊரில் மட்டும் இருக்காதா?

நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். குளத்துமேட்டில் கிளுவை வேலி ஓரம் நிற்கும் புலிகுத்திக்கல்லை எல்லோரும் அறிவோம். பட்டிக்குள் புகுந்த புலியை ஈட்டியால் குத்தி, தானும் செத்த ஒருவன். பெயர் அழிந்துவிட்டது. எந்த அரசன் அவனுக்குப் பட்டயம் கொடுத்தான்? மாடு பிழைத்தவர்கள் கல் நட்டார்கள். இன்றும் பட்டிப் பொங்கலன்று அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்காமல் நாம் வீட்டில் சாப்பிடுவதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது, ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமை. எருமை மந்தைக்காக உயிர்விட்ட வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட விட்டுவிட மனம் வராதவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

பதக்கம் பெற்றவர்களே இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் சொல்கிறேன். தேஜஸ் போர் விமானத்தைப் பெரும் விபத்திலிருந்து காப்பாற்றியதற்காக 2021-ல் சௌர்ய சக்ரா என்ற வீர விருது பெற்ற குரூப் கேப்டன் வருண் சிங், தான் படித்த பள்ளிக்கு எழுதிய கடிதத்தில், அந்த விருதைத் தன்னை உருவாக்கிய ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் உடன் பணியாற்றியவர்களுக்கும் உரித்தாக்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து ஒரு வாரத்தில் இறந்தார். அன்று எரிந்துகொண்டிருந்த ஹெலிகாப்டரை நோக்கித் தண்ணீர்க் குடங்களோடும் போர்வைகளோடும் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்துச் சாதாரண மக்கள். ராணுவம் நன்றியாக அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது. எந்தச் சான்றிதழைக் கேட்டு அவர்களுக்கு நன்றி சொன்னார்கள்?

நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

"மட்டும்" என்ற சொல்லை நீக்குங்கள். திரும்பி வராத நால்வரின் பெயர்களும் தூணின் முன்முகத்தில் வர வேண்டும். பதக்க வரிசையில் வேண்டாம், இறந்த ஆண்டு வரிசையில் வரட்டும். இலங்கையில் இறந்தவர் பெயருக்கு நேரே இலங்கை என்றே எழுதுங்கள், மறைக்க வேண்டாம். பணிபுரிந்த மற்றவர்களின் பெயர்கள் பக்கவாட்டில் வரட்டும். விருது பெற்ற இருவருக்கும் அவர்கள் பெயரோடு விருதின் பெயரையும் சேர்த்துப் பொறியுங்கள். அது அவர்களுக்கு உரியது. என் நோட்டை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அதில் விடுபட்டவர்கள் இருக்கலாம், ஆகவே கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் படித்துச் சரிபார்த்த பிறகே கல்லில் ஏற்றுங்கள்.

திறப்பு விழாவுக்குத் தேனியிலிருந்து ஒருவரை அழையுங்கள். முதுகில் தழும்போடு இன்று மளிகைக் கடை நடத்துகிறார். அன்றிரவு ஓடையில் நடந்ததை அரசாங்கத் தாளில் அவரால் ஏற்ற முடியவில்லை. நம் ஊர் ஒலிபெருக்கியில் அவர் சொல்லட்டும். பஸ் செலவு என்னுடையது.

அதற்கு முன்னால், உங்களில் அன்று மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தவர்கள் கிழக்குத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஆத்தாவை வரச் சொல்லாதீர்கள், நீங்கள் போங்கள். அந்த மஞ்சள் பையைத் திரும்பக் கேட்டு வாங்கி, அதில் உள்ள மூன்று பதக்கங்களும் என்ன என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மகனின் பெயரை எந்த எழுத்தில் தொடங்கி எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். படையின் தாள்களில் இரண்டு விதமாக இருக்கிறது.

நேற்று திருமுருகன்பூண்டிக்குப் போய்ச் சிற்பியைப் பார்த்தேன். கல் மெருகேற்றி முடிந்திருக்கிறது, எழுத்து இன்னும் வெட்டவில்லை. நான்கு முகங்களிலும் இடம் தாராளமாக இருக்கிறது என்றார். பெயர்ப் பட்டியலை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தால் போதுமாம். சனிக்கிழமை மாலை உங்கள் கூட்டத்துக்கு நோட்டோடு வருகிறேன்.

இப்படிக்கு,
நம் ஊர்ப் பட்டாளத்து எழுத்தர், ஓய்வு